திண்டிவனத்தில் பேட்டரி சூடானதும் வீட்டில் பிளக் சூடாவதும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டு ஓடிய மின்சாரக் கார். 40 கிலோவாட் மணி கொள்ளளவு கொண்ட, கூலன்ட் ஓடிக் குளிர்விக்கும் பேட்டரி. கத்திரி வெயிலில் மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் பெரம்பலூரில் வேக சார்ஜரில் போட்டபோது 45 கிலோவாட் வரை சீராக ஏறியது. திண்டிவனத்தில் இரண்டாம் முறை போட்டபோது பத்தே நிமிடத்தில் 18 கிலோவாட்டுக்கு இறங்கிவிட்டது. பேட்டரி வெப்பநிலை அதிகம் என்ற எச்சரிக்கையும் வந்தது. பேட்டரி கெட்டுவிட்டதா, வாரன்ட்டியில் மாற்றித் தரக் கேட்கலாமா என்கிறீர்கள். கடைசி வரியில், வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுவதும் சார்ஜ் போடும்போது பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றும், அது வழக்கம்தான் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் அஞ்சுகிற சூடு, பெரும்பாலும் கார் தானே அளந்து, தானே கட்டுப்படுத்திக்கொண்ட சூடு. நீங்கள் பொருட்படுத்தாத சூட்டை அளக்கவோ கட்டுப்படுத்தவோ அங்கே எதுவும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக எண்ணாமல் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 'சார்ஜ் போடும்போது பேட்டரி சூடாகிறது' என்று சொல்லப்படும் புகார்களில் உண்மையில் சூடாவது பேட்டரியாகவும் இருக்கலாம், காரில் செருகும் கைப்பிடியான சார்ஜிங் கன்னின் முனைகளாகவும் இருக்கலாம், காருக்குள் இருக்கும் ஏசி சார்ஜராகவும் (இந்த ஏசி குளிர்சாதனம் அன்று, வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம்) இருக்கலாம், சுவரிலுள்ள சாக்கெட்டாகவும் இருக்கலாம். எது சூடாகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றுவது வீண் செலவு.

பேட்டரிக்குள் சூடு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும். ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே ஒரு மின்தடை உண்டு. அதன் வழியே மின்னோட்டம் பாயும்போது பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். உங்கள் பேட்டரியின் மின்னழுத்தம் சுமார் 320 வோல்ட் என்றும், எல்லாச் செல்களும் சேர்ந்த உள்தடை 0.1 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்கு எளிதாக இருப்பதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தாம் என்றாலும் உண்மைக்கு வெகுதூரத்தில் இல்லை. 45 கிலோவாட்டில் ஏறும்போது பேட்டரிக்குள் பாய்வது சுமார் 140 ஆம்பியர்; பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 2 கிலோவாட். ஒரு கெட்டிலைப் பேட்டரிக்குள் வைத்துக் கொதிக்கவிட்டதற்குச் சமம் அது. அதே பேட்டரியை வீட்டில் 3.3 கிலோவாட்டில் ஏற்றும்போது பாய்வது சுமார் 9 ஆம்பியர்தான். வெப்பமோ 8 வாட், அதாவது கூடத்தில் எரியும் எல்இடி பல்பு இழுக்கும் மின்சாரத்தின் அளவு.

இந்த வேறுபாடுதான் சோதனையின் அடிப்படை. வேக சார்ஜரில் பேட்டரி சூடாவது இயல்பு. வீட்டில் மெதுவாக ஏற்றும்போது அது சூடாவது இயல்பன்று. இரவு நிறுத்திவைத்து ஆறிய காரை, மறுநாள் அதிகாலையில் வீட்டிலேயே இரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டுப் பாருங்கள். பேட்டரி வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் நகராவிட்டால், செல்களுக்குள் பெரிய கோளாறு இருக்கும் என்று நினைக்க இடமில்லை. இந்த மெதுவான சார்ஜிலேயே பத்து டிகிரி ஏறினால், மேற்கொண்டு வேக சார்ஜரின் பக்கமே போகாமல் சர்வீஸ் சென்டருக்குப் போய்விட வேண்டும். வெப்பநிலையை டேஷ்போர்டு காட்டாத கார்களில், ஓபிடி முனையில் (பழுது கண்டறியும் கருவியை இணைப்பதற்கான சாக்கெட்டில்) செருகும் சிறு கருவியும் கைப்பேசிச் செயலியும் அதைக் காட்டும். ஏசி சார்ஜ் ஏறும்போது முன்பக்க விசிறி சுற்றுவதையும் பம்ப் முனகுவதையும் மட்டும் வைத்துப் பேட்டரி சூடாகிவிட்டதாக முடிவு செய்துவிடாதீர்கள். மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றும் உள் சார்ஜர் தன் பங்குக்குச் சில நூறு வாட் வெப்பத்தை வெளியிடும். விசிறி பெரும்பாலும் அதற்காகவே சுற்றுகிறது.

இப்போது உங்கள் பயணத்துக்கு வருகிறேன். பெரம்பலூரில் சுமார் 21 கிலோவாட் மணி ஏற்றியிருக்கிறீர்கள். அதற்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகியிருக்கும். கிட்டத்தட்ட 250 கிலோ எடையுள்ள செல்களுக்குள் அந்த நேரம் முழுதும் 2 கிலோவாட் வெப்பம் இறங்கினால், குளிரூட்டல் சுத்தமாக இல்லை என்று கொண்டால் வெப்பநிலை 13 டிகிரி அளவுக்கு உயரும். மதுரையில் 32 டிகிரியில் கிளம்பிய பேட்டரி, நெடுஞ்சாலை ஓட்டத்தில் 37க்கு வந்து, பெரம்பலூரில் குளிரூட்டல் பாடுபட்டும் 43 ஆகி, வெளிக்காற்றே 40 டிகிரியாக இருந்த சாலையில் ஆறுவதற்கு வழியின்றி ஓடி, திண்டிவனத்தில் ஏறத்தாழ அதே சூட்டுடன் கன்னைச் செருகியதும் மறுபடியும் ஏறத் தொடங்கியிருக்கும். பேட்டரி கனமான பொருள்; தோசைக்கல்லைப் போல, சூடேறவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். டீ குடிக்கும் நேரத்தில் அது ஆறாது. பல மணி நேரம் வேண்டும். முதல் நிறுத்தத்தில் இல்லாத சிக்கல் இரண்டாம் நிறுத்தத்தில் வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பேட்டரி மேலாண்மைக் கணினி, அதாவது பிஎம்எஸ், இந்த நிலையில் செய்வது ஒன்றுதான்: சார்ஜரிடம் கேட்கும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. எந்த வெப்பநிலையில் குறைக்கத் தொடங்கும் என்பது காருக்குக் கார் மாறும். 45 டிகிரியை ஒட்டிக் குறைக்கத் தொடங்கி, 55 முதல் 60க்குள் முற்றிலும் நிறுத்திவிடுவது பரவலான நடைமுறை. அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு அச்சம் தந்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால் லித்தியம் அயனி செல்லுக்குள் ஆனோடின், அதாவது எதிர்மின் முனையின், மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்குவது சுமார் 80 முதல் 120 டிகிரியில். இரு முனைகளையும் பிரித்து வைக்கும் பாலிஎத்திலின் தாள் உருகுவது ஏறத்தாழ 130 டிகிரியில். செல் தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு கட்டுமீறிப் போவது அதற்கும் மேலே. 45க்கும் அந்த எண்களுக்கும் நடுவே வேண்டுமென்றே பெரிய இடைவெளி விடப்பட்டிருக்கிறது. வேகம் குறைவது உடனடி ஆபத்தைத் தடுப்பதற்காக மட்டும் செய்யப்படுவதும் அன்று. சூட்டில் செல் விரைவாக முதுமையடையும் என்பதால், அதன் ஆயுளைக் காப்பதே முதல் நோக்கம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, திண்டிவனத்தில் வேகம் குறைந்ததற்கு வெப்பம் ஒன்றே காரணமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை வந்திருப்பதால் உங்கள் விஷயத்தில் வெப்பத்துக்குப் பங்கு உண்டு என்பது உறுதி. ஆயினும் வேகம் சட்டென்று விழுந்ததா, விழுந்தது எந்த நிமிடத்தில் என்று நினைவிருக்கிறதா? நம் நெடுஞ்சாலைகளில் உள்ள பல சார்ஜர்களில் ஒரே பெட்டியில் இரண்டு கன்கள் இருக்கும். 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகிய கணமே 30, 30 ஆகப் பிரிந்துவிடும். சார்ஜர் பெட்டிக்குள் இருக்கும் மின்மாற்றுப் பகுதிகளும் வெயிலில் சூடாகும். தூசி அடைத்த வடிகட்டியோடு நிழலில்லாமல் நிற்கும் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சிசிஎஸ் 2 என்ற வேக சார்ஜ் வகைக் கன்னின் நேர்திசை முனைகளிலும் வெப்ப உணரி உண்டு. முனைகள் தேய்ந்தோ அழுக்கேறியோ இருந்தால் அங்கும் சூடு பிறந்து மின்னோட்டம் குறைக்கப்படும். 80 சதவீதத்தைத் தாண்டிய பின் வேகம் விழுவதோ எந்தக் காரிலும், எந்தப் பருவத்திலும் நடப்பது.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. சட்டென்று ஒரே படியாக விழுந்தால் பெரும்பாலும் சார்ஜர் அல்லது பகிர்வு காரணம். படிப்படியாகச் சரிந்தால் வெப்பம் காரணம். ஓபிடி செயலியில் கார் கேட்கும் மின்னோட்டம், உண்மையில் கிடைக்கும் மின்னோட்டம் என்ற இரண்டும் தெரிந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்: கார் 120 ஆம்பியர் கேட்டும் 60தான் வருகிறது என்றால் குற்றம் சார்ஜர் பக்கம், கார் கேட்பதே 60 என்றால் காரணம் காருக்குள் இருக்கிறது. செயலி இல்லையென்றால், ஆறிய பேட்டரியோடு வேறொரு நிலையத்தில், வேறொரு நிறுவனத்தின் சார்ஜரில் 20 சதவீதத்திலிருந்து போட்டுப் பாருங்கள். தொடக்கத்திலுள்ள சதவீதம், பேட்டரி வெப்பநிலை, வெளி வெப்பநிலை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிலோவாட் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சர்வீஸ் சென்டரில் 'சூடாகிறது' என்று சொல்வதற்கும் இந்தத் தாளை நீட்டுவதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

காருக்குள்தான் காரணம் என்று தெரிந்தால், செல்களைச் சந்தேகிக்கும் முன் குளிரூட்டலைச் சந்தேகிக்க வேண்டும். கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும். செலவு குறைவானதும் இதுதான். உங்கள் காரில் பேட்டரியின் அடியில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தகட்டின் வழியே கூலன்ட் ஓடிச் சூட்டை எடுத்து வருகிறது. வெளிக்காற்று 40 டிகிரி இருக்கும்போது ரேடியேட்டர் மட்டும் அந்தக் கூலன்ட்டை 30 டிகிரிக்குக் கொண்டுவர முடியாது. அதற்காகவே சில்லர் என்ற பகுதி இருக்கிறது. காரின் ஏசி கம்ப்ரசர் அனுப்பும் குளிர்ந்த வாயு ஒருபுறமும் பேட்டரியின் கூலன்ட் மறுபுறமும் அதற்குள் ஓடும். ஏசியின் குளிர் கூலன்ட்டுக்கு மாறும். சுருங்கச் சொன்னால், கோடையில் உங்கள் பேட்டரியைக் குளிர்விப்பது உங்கள் ஏசிதான். ஏசியில் வாயு குறைந்திருந்தால் பின்னிருக்கையில் இருப்பவர் முதலில் முணுமுணுப்பார். அடுத்து முணுமுணுப்பது பேட்டரி. ஆகையால் நான் கேட்கும் முதல் கேள்வி: இந்த ஆண்டு ஏசி முன்போல் குளிர்கிறதா?

என்னிடம் இதே புகாரோடு வந்த ஒரு காரில் பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். முன் பம்பரைக் கழற்றியபோது, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் ஒரு பாலித்தீன் பை உருகி ஒட்டிக்கொண்டு பாதிப் பரப்பை மூடியிருந்தது; மீதிப் பாதியில் ஈசலும் செம்மண்ணும். பெட்ரோல் காரில் இதே அடைப்பு இருந்தால் இன்ஜின் சூட்டுமானி காட்டிக்கொடுத்திருக்கும். மின்சாரக் காரில் சாதாரண ஓட்டத்தில் எதுவும் தெரியாது, வேக சார்ஜரில் மட்டுமே வெளிப்படும். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவியதும் சரியாகிவிட்டது. எல்லாமே இப்படி முடியும் என்று சொல்ல வரவில்லை. இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்கிறேன்.

கூலன்ட் தொட்டியின் அளவைப் பாருங்கள். மூடிய சுற்றில் ஓடும் கூலன்ட் தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அந்தக் கசிவு பேட்டரி பெட்டிக்குள்ளேயே இருந்தால் அது சூட்டைவிடப் பெரிய பிரச்சினை, ஏனெனில் அடுத்து வருவது காப்புத்தடைக் கோளாறு, அதாவது பேட்டரியின் மின்சாரம் காரின் உடலுக்குக் கசிவது. குறைந்ததை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீரையோ பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பச்சைக் கூலன்ட்டையோ ஊற்றாதீர்கள். சில கார்களுக்கு மின்கடத்துதிறன் குறைந்த தனிவகைக் கூலன்ட் தேவை. சமீபத்தில் யாராவது கூலன்ட் மாற்றியிருந்தால் சுற்றுக்குள் காற்று அடைபட்டிருக்க வாய்ப்பு உண்டு. பம்ப் சுற்றும், கூலன்ட் நகராது. கண்டறி கருவியை இணைத்துப் பம்பைக் கட்டாயமாக ஓடவிட்டுத்தான் அந்தக் காற்றை வெளியேற்ற முடியும். பம்பும், கூலன்ட்டைச் சில்லர் பக்கமா ரேடியேட்டர் பக்கமா என்று திருப்பிவிடும் வால்வும் அதே கருவியால் இயக்கிச் சோதிக்கக் கூடியவை.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. வேகம் குறைந்த நேரத்தில் காருக்குள் ஏசியைக் கடைசிக் குளிரில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தீர்களா? கம்ப்ரசர் ஒன்றே; கேட்பவர்கள் இருவர். சில கார்கள் பேட்டரிக்கு முன்னுரிமை தரும், சில இருவருக்கும் பங்கிடும். அடுத்த முறை கேபின் ஏசியை அணைத்துவிட்டு வெளியே நின்று, ஐந்து நிமிடத்தில் வேகம் மீள்கிறதா என்று பாருங்கள். மீண்டால், கம்ப்ரசரின் திறன் எல்லையில் நிற்கிறது என்றோ வாயு குறைவாக இருக்கிறது என்றோ பொருள். காரின் முகத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். கன்டென்சர் தான் வெளியிட்ட அனற்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு காரணங்களையும் சொல்ல வேண்டும். ஒன்று வேகத்தடை. கோணல்மாணலாகக் கட்டப்பட்ட வேகத்தடையில் அடிப்பகுதி பலமாக உரசியிருந்தால், பேட்டரியின் அடித்தட்டு உள்வாங்கிக் கூலன்ட் ஓடும் வழி நசுங்கியிருக்கலாம். அந்தப் பகுதிக்கு மேலுள்ள செல்கள் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாகும். இன்னொன்று வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மணிக்கணக்கில் நீரில் நின்றன. பேட்டரிப் பெட்டிக்குச் சொல்லப்படும் ஐபி67 என்ற நீர்புகாத் தகுதி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்துக்கான சோதனை; இரண்டு நாள் சாக்கடை கலந்த நீரில் கிடப்பதற்கான உறுதிமொழி அன்று. உங்கள் கார் அப்படி நின்றதோ, வாங்கும் முன் நின்றிருக்கக் கூடுமோ என்றால், அதைச் சர்வீஸ் சென்டரில் மறைக்காமல் சொல்லி, காப்புத்தடையை அளந்து தரக் கேளுங்கள்.

இனி செல்கள். பேட்டரியே நோயுற்றிருப்பது அரிது என்றாலும், நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. செவர்லே போல்ட் கார்களில் ஒரே செல்லுக்குள் ஆனோடின் இணைப்பு நாக்கு கிழிந்தும் பிரிப்புத் தாள் மடிந்தும் இருந்த உற்பத்திக் குறையால் தீ விபத்துகள் நேர்ந்தன. 2021இல் அதுவரை தயாரான எல்லா போல்ட் கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. அப்போது உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட இடைக்கால அறிவுரை கவனிக்கத்தக்கது: 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், ஆழமாகக் காலியாகவும் விடாதீர்கள், சார்ஜ் முடிந்ததும் வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஆலையில் பூட்டப்பட்ட ஹூண்டாய் கோனாவும் பேட்டரிச் சோதனைக்காக 2020 டிசம்பரில் இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்டது. 2024இல் அமெரிக்காவில் 2019, 2020 மாடல் நிசான் லீஃப் கார்களின் உரிமையாளர்களிடம் வேக சார்ஜரைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று சொல்லப்பட்டது. செல்லுக்குள் லித்தியம் படிந்து உள்தடை கூடி, வேக சார்ஜில் விரைந்து சூடாகக்கூடும் என்பது காரணம். மேலே போட்ட கணக்கை நினைவுகூர்ந்தால் இது விளங்கும்: 140 ஆம்பியரில் உள்தடை இரண்டு மடங்கானால் வெப்பமும் இரண்டு மடங்கு. எனவே உங்கள் காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் திரும்ப அழைப்போ மென்பொருள் புதுப்பிப்போ உள்ளதா என்று கேட்பது எந்தச் சோதனைக்கும் முன் செய்ய வேண்டிய, காசு செலவாகாத வேலை.

நோயுற்ற செல் சில வழிகளில் தன்னைக் காட்டிக்கொள்ளும். சார்ஜ் நின்ற பிறகும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போவது அவற்றில் மிக மோசமானது. மின்னோட்டம் நின்றால் சூடு பிறப்பதும் நிற்க வேண்டும், நிற்கவில்லையென்றால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது. நிறுத்திவைத்த காரில் சதவீதம் தானாக இறங்குவது, 30 சதவீதத்திலிருந்து திடீரென்று 12க்குத் தாவுவது, ஓடும் தூரம் சில வாரங்களிலேயே சரிவது ஆகியவையும் அப்படியே. சர்வீஸ் சென்டரில் 'ஸ்கேன் செய்தோம், எரர் இல்லை' என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். வேக சார்ஜில் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்த பதிவைக் கேளுங்கள்: மிகச் சூடான உணரியும் மிகக் குளிர்ந்த உணரியும் காட்டிய வெப்பநிலை, மிக உயர்ந்த செல்லும் மிகத் தாழ்ந்த செல்லும் காட்டிய மின்னழுத்தம், கூலன்ட் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இருந்த வெப்பநிலை. எல்லா உணரிகளும் ஐந்து டிகிரி வித்தியாசத்துக்குள் சேர்ந்தே ஏறினால் குளிரூட்டல் போதவில்லை என்று பொருள். ஒன்று மட்டும் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே நின்றால் அந்த இடத்துச் செல்லையோ, அங்கே இறுக்கம் தளர்ந்த பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) இணைப்பையோ, நசுங்கிய தகட்டையோ பார்க்க வேண்டும். உணரியே பொய் சொல்வதும் உண்டு. இத்தகைய உணரிகளின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். ஆகவே ஒயர் அறுந்தால் நம்ப முடியாத குளிரையும், ஒயர்கள் ஒட்டிக்கொண்டால் நம்ப முடியாத சூட்டையும் காட்டும். ஆறிய காரில் ஒரு உணரி மட்டும் 70 டிகிரி என்றால் குற்றவாளி பேட்டரி அன்று.

இலங்கையில் உள்ளவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு என் விடை வேறு. 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே நிறைய இறக்குமதியான பழைய லீஃப் கார்களின் பேட்டரிக்குக் கூலன்ட்டும் இல்லை, சில்லரும் இல்லை; பெட்டிக்குள் அடைபட்ட சூடு உலோக உறை வழியே மெல்ல வெளியேற வேண்டும். அந்தக் கார்களில் பழுது பார்க்கக் குளிரூட்டலே இல்லாததால், ஒரே நாளில் இரண்டாம் வேக சார்ஜைத் தவிர்ப்பதும், மெதுவாக ஓட்டுவதும், இரவில் ஏற்றுவதும்தான் வழி. லீஃப் ஸ்பை செயலி காட்டும் வெப்பநிலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதைத் தாமாகவே செய்கிறார்கள். 2018இல் வந்த 40 கிலோவாட் மணி லீஃபிலும் இரண்டாம் வேக சார்ஜ் வெகுவாக மெதுவாகி உரிமையாளர்களிடம் பெரும் கசப்பை உண்டாக்கியதற்கும் இதுவே காரணம்.

சாலையோரத்தில் எச்சரிக்கை வந்தால் செய்யக்கூடாதவற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். அடிப்பகுதியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐஸ் மூட்டை வைக்காதீர்கள். எச்சரிக்கையைக் கருவியால் அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். 18 கிலோவாட்டில் ஏறட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த ஊருக்குத் தேவையான அளவு ஏறியதும் கிளம்பலாம். ஆனால் அடியிலிருந்து சீறலோ வெடிப்பொலியோ கேட்டால், இனிப்பும் பெயின்ட் கரைப்பானும் கலந்தது போன்ற வாடை வந்தால், வெண்புகை தெரிந்தால், பொருள்களை எடுக்க நிற்காமல் எல்லோரும் இறங்கி நன்றாக விலகிச் சென்று 112ஐ அழைக்க வேண்டும். மின்சாரக் கார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பதே உயிருக்கு ஆபத்து. அணைந்ததாகத் தோன்றிய தீ சில மணி நேரமோ சில நாளோ கழித்து மீண்டும் பிடிப்பதும் உண்டு.

வாரன்ட்டியைப் பற்றி: இந்தியாவில் பெரும்பாலான கார்களின் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற வரம்பு இருப்பதால் உங்களுக்கு நேரம் நிறைய உண்டு. ஒரு கோடைப் பயணத்தில் வேகம் குறைந்தது என்பதை வைத்துக்கொண்டு யாரும் பேட்டரியை மாற்றித் தர மாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை. ஆறிய பேட்டரியோடு, 30 டிகிரிக் காலையில், நல்ல சார்ஜரில் முதல் முறையே வேகம் சரிகிறது என்று உங்கள் தாள் காட்டினால் அப்போது உறுதியாகக் கேட்கலாம். அடுத்த முறை சென்னை செல்லும்போது விடியற்காலை கிளம்பி, 100 கிலோமீட்டர் வேகத்தை 85 ஆக்கி, பெரம்பலூரில் வேக சார்ஜரில் 80 சதவீதம் வரை ஏற்றுவதற்குப் பதில் 30 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் அதிலேயே போட்டு நிதானமாகச் சாப்பிட்டு வாருங்கள். அதே அளவு மின்சாரத்தை 45க்குப் பதில் 30 கிலோவாட்டில் ஏற்றினால், கூடுதலாகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் பேட்டரிக்குள் பிறக்கும் மொத்த வெப்பம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும்.

இப்போது அந்தப் பிளக். 3.3 கிலோவாட் என்பது 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல். இஸ்திரிப் பெட்டியும் கீசரும் அவ்வப்போது இழுத்து நிறுத்தும் மின்னோட்டத்தை உங்கள் கார் பத்து மணி நேரம் ஒரே சீராக இழுக்கிறது. சாக்கெட்டின் உள்ளே பித்தளைக் கவ்வி இறுக்கமாக இருந்தால் அங்கே பிறக்கும் சூடு ஒரு வாட் அளவில் இருக்கும். கவ்வி தளர்ந்து, தொடுமிடத்தில் 0.2 ஓம் தடை உண்டாகிவிட்டால் அது 40 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் உருக்கப் பயன்படும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சூட்டில் கவ்வி மேலும் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். மின்னோட்டம் அளவை மீறினால் லைனைத் துண்டிக்கும் எம்சிபி இதைத் தடுக்காது, ஏனெனில் மின்னோட்டம் 15 ஆம்பியரைத் தாண்டவே இல்லை. சில சார்ஜிங் கேபிள்களின் பிளக்கில் வெப்ப உணரி உண்டு என்றாலும், உங்களுடையதில் இருந்திருந்தால் இந்நேரம் அது சார்ஜை நிறுத்தியிருக்கும். இளஞ்சூடு வழக்கம். கை வைக்க முடியாத சூடு எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் வழக்கம் அன்று.

அவரிடம் இப்படிக் கேளுங்கள்: மெயின் போர்டிலிருந்து வேறு எதற்கும் கிளை பிரியாத தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், பொருத்தமான எம்சிபி, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அளந்து பார்த்த எர்த், தொழிற்சாலைகளில் இருக்கும் நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட் அல்லது காருடன் தரும் சுவர் சார்ஜர். சாக்கெட் கருகியிருந்தால் பிளக்கின் முனைகளும் நிறம் மாறியிருக்கும். பழைய பிளக்கைப் புதிய சாக்கெட்டில் செருகினால் புதியதும் கெடும், ஆகவே இரண்டையும் மாற்ற வேண்டும். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் கூடாது. வேலை முடிந்த முதல் இரவு, சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். அதுவரை, காரின் அமைப்பில் மின்னோட்டத்தை 8 அல்லது 10 ஆம்பியராகக் குறைக்கும் வசதி இருந்தாலும், இந்தச் சாக்கெட்டை நம்பி இரவில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். பக்கத்திலுள்ள பொது ஏசி சார்ஜரில் பகலில் ஏற்றிக்கொள்ளுங்கள்.